இடியும் வீட்டில் இருப்பவர் யார்?

தோழர்களே, 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. தப்பியவர்கள் எங்கே போவது என்பதைத்தான் இங்கே பேச வந்திருக்கிறோம்.

மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யும் குடும்பத்துக்கு வாரியம் தந்துவந்த 8,000 ரூபாய், பின்னர் 24,000 ஆனது. வரவேற்கிறோம், அதற்குக் 'கருணைத் தொகை' என்று பெயர் வைத்ததை அல்ல. ஆனால் அது ஒதுக்கீட்டு ஆணையைப் பார்த்துத் தருவது. அதே கூரையின் கீழ் வாடகைக்கு இருப்பவரிடம் எந்த ஆணை இருக்கிறது? எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். நமக்கு யார் எழுதித் தருகிறார்கள்?

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கூலிக்குப் போய்த் தங்கும் நம் பிள்ளைகளின் ரேஷன் அட்டை ஊரிலேயே கிடக்கிறது. மின் ரசீது வீட்டுக்காரர் பெயரில். இடியும் கட்டடம் என்று ஒட்டும் நோட்டீசும் அவர் பெயருக்குத்தான். உள்ளே படுத்திருப்பது நாம். கையில் முன்பணம் இருந்தாலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி அடுத்த வாசலில் நிற்கிறது. அதற்குப் பயந்தே பெயர்ந்த கூரையை விடாமல் இருக்கிறோம்.

ஆகவே பணம் மட்டும் போதாது. பிள்ளையின் பள்ளிச் சான்றோ பக்கத்து வீட்டார் சாட்சியோ போதும் என்று, குடியிருப்பவரையே மாநகராட்சி கணக்கெடுக்க வேண்டும். மாற்று வீட்டின் சாவியைக் கொடுத்த பிறகே காலி செய்யச் சொல்ல வேண்டும்.