முற்றத்தைக் காக்கும் முறை

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் உள்ள பரதேசி யூத ஆலயத்திற்குச் செல்வோர், காலணியைக் கழற்றி வைத்த பின்னரே உள்ளே நுழைகின்றனர். 1568-இல் எழுந்த அவ்வாலயத்தின் தரையில், 18-ஆம் நூற்றாண்டில் சீன நாட்டிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை இன்றும் கண்ணைக் கவர்வதற்குக் காரணங்கள் இரண்டு. சூளையில் ஏறிய மெருகு, நீரையும் அழுக்கையும் உள்ளே விடுவதில்லை. மணல் மிதிபட்டு மெருகு தேயாதவாறு மனிதர் காட்டும் கவனம் மற்றொன்று.

வாசலில் நாம் இட்டிருக்கும் கான்கிரீட் தளத்திற்கோ அத்தகைய மெருகு இல்லை. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணிறந்தவை. கொச்சியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்நீரைக் குடித்த தளத்தில் பாசி படர்கிறது. விடியற்காலையில் வாசலுக்கு வரும் முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அக்குடும்பத்தின் துன்பம் சிறிதன்று. ஆகவே முற்றத்தைத் தூய்மை செய்வது அழகை மட்டும் கருதிய செயலாகாது.

பாசியின்மீது பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, ஈர்க்குத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவலாம். அந்நீர் கிணற்றிலோ செடியின் வேரிலோ சேரலாகாது. எண்ணெய்க் கறையின்மீது மரத்தூளை இட்டு, அது எண்ணெயை உறிஞ்சிய பின் சோப்பு நீரால் தேய்த்தல் வேண்டும். வெள்ளையாகப் பூத்த உப்பை முதலில் உலர்ந்த துடைப்பத்தாலேயே அகற்றுக. நீரை ஊற்றினால் உப்புக் கரைந்து மீண்டும் துளைகளுக்குள் புகுந்துவிடும்.

சிலர் விரைவில் வெண்மை காண விரும்பி ஆசிட்டை ஊற்றுகின்றனர். அது அழுக்கோடு சிமெண்டையும் தின்றுவிடும். அன்றியும், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் உயிருக்கே ஊறு செய்யும் குளோரின் வாயு எழும். இவ்விரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது.

கழுவிய தளம் நன்கு உலர்ந்த பின்னரே காப்புப் பூச்சு இடுதல் தகும். துலாவருஷ மழை ஓய்ந்தபின் வரும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. புதுத் தளமாயின் 28 நாட்கள் பொறுத்தல் நலம். அரை மீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளொன்றைத் தளத்தின்மீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் துளிர்த்திருந்தால், தரைக்குள் ஈரம் உண்டு என்பது பொருள்.

காயலை அடுத்த இடங்களில் ஈரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை; கீழிருந்தும் ஏறுகிறது. அத்தகைய தளத்தின்மீது அக்ரிலிக் போன்ற படலப் பூச்சை இட்டால், அடைபட்ட ஈரம் அதைக் கொப்புளமாக்கி உரித்துவிடும். நனைந்தபோது வழுக்கலும் மிகும். துளைகளுக்குள் ஊறி நின்று, நீரைத் தடுத்து, ஆவியை வெளியே விடும் சைலேன் வகைப் பூச்சே அங்குப் பொருந்தும்.

இன்னொன்றையும் கூறவேண்டும். செம்புரைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழைய சுவர்கள் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையவை. அச்சுவரின் அடிவரை கான்கிரீட் இட்டு மூடினால், வெளியேற வழியற்ற ஈரம் சுவரில் ஏறிச் சாந்தை உதிர்க்கும். சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்திற்குக் கான்கிரீட் இன்றிச் சரளைக்கல் பரப்பி வைத்தல் நலம். முற்றத்தைக் காக்க முற்பட்டு வீட்டை இழக்கலாகாதன்றோ?

பூச்சு இட்ட பின்னும் ஆண்டுதோறும் தளத்தின்மீது சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்தாக நின்றால் பூச்சு நலமாக உள்ளது. தளம் நீரை வாங்கிக் கறுத்தால் மறுபடி பூசுங்காலம் வந்தது என்று அறிக. எல்லாவற்றிற்கும் மேலாக, நாள்தோறும் பெருக்கும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.