பொதுவிடம் என்பது எது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



காசு கொடுக்கும் எவரும் நுழையலாம் என்பதனால் மட்டும் ஓரிடம் பொதுவிடமாகி விடுமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா. கொக்கிளாயில் கோல்ப் திடல் இல்லை. ஆயின் கடலும் களப்பும் வெண்மணலும் உண்டு. இத்தகைய கரைகளை உல்லாச விடுதிகள் நாடிவருவது உலக வழக்கம். ஆகவே இவ்வினா நமக்கு அந்நியமானதன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலே பெபிள் பீச் என்னும் புகழ்பெற்ற கோல்ப் திடல் உளது. அங்கத்தவர் அல்லாதாரும் அங்கு ஆடலாம். ஆதலால் அதனைப் 'பொதுத் திடல்' என்கின்றனர். ஒருமுறை ஆடுவதற்குக் கட்டணமோ 600 டொலருக்கும் மேல்! இங்கிலாந்திலும் செல்வர் பிள்ளைகள் பயிலும் தனியார் பாடசாலைகள் சிலவற்றைப் 'பொதுப் பாடசாலை' என்றழைக்கும் மரபுண்டு. பெயர் பொது, வாசல் பொதுவன்று.

நம் நாட்டுக் காலிமுகத்திடலை நோக்குவோம். தேசாதிபதி சேர் ஹென்றி வாட் 1856இல் தொடங்கி 1859இல் நிறைவேறிய அந்த உலாவுமிடத்தை, கொழும்பின் மாதரும் சிறுவரும் நலம்பெறத் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டுமெனக் கல்லிலே பொறித்து வைத்தனர். 1879இல் தோன்றிய கொழும்பு கோல்ப் கழகம் முதலில் அத்திடலிலேயே ஆடியது. 1896இல் றிட்ஜ்வே திடலுக்குப் பெயர்ந்தது. இன்று கழகத்துத் திடலில் கழகத்தின் விதியே விதி. காலிமுகத்திடலிலோ பட்டம் விடும் பிள்ளைகள் ஒருவர் அனுமதியும் கேளாது நிற்கின்றனர். 2022இல் நாட்டு மக்கள் தம் குறையைச் சொல்லத் திரண்டதும் அங்கேதான்.

கோல்ப் ஆட்டத்தின்மீது நமக்குப் பகையில்லை. ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்றூஸ் நகரிலே, உலகப் புகழ்பெற்ற பழைய திடலில் ஞாயிறுதோறும் பெரும்பாலும் ஆட்டத்தை நிறுத்தி விடுவர். அன்று ஊரவர் அப்புற்றரையில் நடந்து திரிவர். ஆட்டமும் உண்டு; ஊராரின் உரிமையும் உண்டு.

"பஸ் வண்டிக்கும் கட்டணம் உண்டே, அதனைப் பொது வாகனம் என்கிறோமே" எனச் சிலர் வினவுவர். பஸ் கட்டணம் எல்லோரையும் ஏற்றிச் செல்லும் நோக்குடன் விதிக்கப்படுவது. உல்லாச விடுதியின் கட்டணம் சிலரே உள்ளே வரும் அளவில் அமைவது. அம்பாந்தோட்டையில் 2016இல் திறக்கப்பட்ட ஷங்ரிலா விடுதி 18 குழிகள் கொண்ட கோல்ப் திடலையும் உடையது. இத்தகைய விடுதிகளால் வேலையும் அந்நியச் செலாவணியும் கிடைக்கும் என்பதை மறுக்கோம். ஆயினும் கூலிக்காக நுழைவது வேறு. உரிமையோடு நுழைவது வேறு.

அடைத்த வாசலின் கொடுமையைச் சைவ மக்களாகிய நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. சாதியைக் காட்டிப் பொதுவிடங்களிலே ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957இல் சட்டம் பிறந்தது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே உள்ளே செல்ல உரிமை கேட்டு மக்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. அன்று வாசலை அடைத்தது பிறப்பு. விலை வந்து அடைக்கும்போது அந்தச் சட்டம் வாய்திறவாது. ஆகவே நாமே வாய்திறத்தல் வேண்டும்.

1984இல் இவ்வூரவர் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த 2009இன் பின்னரே மீண்டனர். தம் கரைக்குத் தாமே போகமுடியாத துயரத்தைக் கால் நூற்றாண்டு கண்டவர்கள் அவர்கள். கொக்கிளாய்க் களப்பு 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. பறவைக்கு இடம் ஒதுக்கிய நாடு மனிதருக்கும் வழி ஒதுக்கட்டும்.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள நிலத்திலே அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். நாளை ஒரு விடுதி இங்கு வருமாயின், அனுமதி வழங்கப்படுமுன் மூன்றை எழுத்திலே கேட்போம்: கடலுக்குச் செல்லும் வழி, கரைவலை இழுக்கும் இடம், களப்பு நீரின் தூய்மை. வேலி எழுந்தபின் கேட்பது வீண்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு விளக்கெரிக்கக் கடல்நீர் எடுக்கும் அடியார், கரையிலே எவரிடமும் சீட்டு வாங்குவதில்லை. அந்தக் கரையே பொதுவிடம். அதனைக் காப்பது இளைஞராகிய நம் கடன்.