நன்னோக்கு மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நோய்க்கு மருந்து கொடுப்பவரிடம் பட்டம் கேட்கிறோம். நம் பிள்ளைகளைப் போதைப்பொருளிலிருந்து காக்க வருபவரிடமோ ஒன்றுங் கேட்பதில்லை. நல்ல பேச்சாளராயிருந்தாற் போதும் என்றிருக்கிறோம்.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் தடுப்புப் பணிக்குரிய நியமங்களை வெளியிட்டது. பாடசாலைகளில் அச்சமூட்டும் பேச்சு, திருந்தியவரின் அனுபவக் கதை, பொலிஸார் நடத்தும் வகுப்பு, வெறும் நீதிபோதனை ஆகியவற்றைப் பலன் தராத முறைகளுடனேயே அது சேர்த்துக் கூறுகின்றது. நாம் இதுகாறும் செய்து வந்தவையும் இவைதாமே! தோழர் வற்புறுத்தும்போது மறுக்கவும், மனக்கலக்கத்தைச் சமாளிக்கவும் பிள்ளைகள் தாமே பல நாள் செய்து பழகுவதே பலன் தருவது. அதனை நடத்துவோர் முதலிற் பயில வேண்டும்.

இத்துறையினரைப் பயிற்றிப் பரீட்சித்து அத்தாட்சி வழங்கும் சர்வதேச ஏற்பாடொன்று, கொழும்புத் திட்டத்தின் கீழ் 2009இல் நமது கொழும்பிலேயே ஆரம்பிக்கப்பட்டது. நம்முள் எத்தனை பேர் அதனை அறிவோம்?

அடுத்த கருத்தரங்குக்கு ஒருவரை அழைக்குமுன், "எங்கே பயின்றீர்கள்?" என்று செயற்குழு கேட்கட்டும். நம் அங்கத்தவர் இருவரையேனும் சங்க நிதியிற் பயிற்சிக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். அக்கேள்வியை என்னிடமும் கேட்கலாம், நானும் பயின்றவனல்லன்.