ராமானுஜன் தவறவிட்ட எண்



கணக்கில் ஒன்று தப்பிவிட்டால் பிள்ளையின் முதுகில் வைக்கிற அப்பாக்கள் இங்கேயும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சேதி. கணித மேதை ராமானுஜனும் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார்!

சுவா தோட்டங்களில் கன்று நட்டவர்களுக்கு நிரை என்றால் தெரியும். 11 ரப்பர் கன்றுகளை இரண்டு நிரையாகவோ மூன்று நிரையாகவோ சமமாகப் பிரிக்க முடியாது. 12 என்றால் 2, 3, 4, 6 என்று எப்படியும் பிரிக்கலாம். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12-க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் காரணிகளில் மிஞ்சுகிற எண்களைத்தான் ராமானுஜன் தேடினார்.

கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் அவர். 1915-இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-இல் பட்டம் கிடைத்தது. கட்டுரையில் 102 எண்களின் பட்டியல் உண்டு. கடைசி எண் 6,746,328,388,800. காரணிகள் 10,080. கணினி ஏது அன்றைக்கு? எல்லாம் கைக்கணக்கு.

விடுபட்டது 293,318,625,600. இதற்கு 5,040 காரணிகள். வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் அவர் எழுதிய அந்தக் கடைசி எண்ணே வந்து நிற்கும். 23 பகா எண். கீழே உள்ள எண்ணில் அது காரணியாக இல்லை. அதனால் 5,040 அப்படியே இரட்டிப்பாகி 10,080 ஆகிறது.