படத்துக்குப் பெயர் என்ன?

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர் மறதிக்காக மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படங்களைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால் உடனே நோய் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது.

இப்படிப் படம் காட்டிப் பெயர் கேட்கும், உலகெங்கும் பெயர் பெற்ற பாஸ்டன் பெயரிடல் சோதனையில் 60 கோட்டுப் படங்கள். வடதுருவப் பகுதியின் பனிவீடான இக்லூவும் அதில் உண்டு. பார்த்தே இராத பொருளுக்கு யார்தான் பெயர் சொல்வார்? சிறு வயதில் கற்ற சொல், அன்றாடம் புழங்கும் சொல்தான் சட்டென்று வரும். படிப்பும் இதில் கணக்கில் வரும். போர்ச்சுகலில் பள்ளிக்கே போகாதவர்களைச் சோதித்தார்கள். கோட்டுப் படத்தில் தடுமாறியவர்கள், நிஜப் பொருளைக் காட்டியதும் படித்தவர்களுக்கு இணையாகச் சொன்னார்கள்.

மொழியையும் பார்க்க வேண்டும். பொதட்டூர்பேட்டை போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில், வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிறவர்கள் அதிகம். எந்த மொழியில் பெயர் வந்தாலும் அதைச் சரியான பதிலாகவே கொள்ள வேண்டும்.

அப்பா அம்மாவை இந்தச் சோதனைக்கு அழைத்துப் போகும்போது மறக்காமல் அவர்களுடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். அவர்களுடைய படிப்பு, தொழில், வீட்டு மொழி எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால், தினமும் கையில் பிடிக்கும் பொருளின் பெயரே அடிக்கடி வராமல் போனால், தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.