பாட்டியின் மெட்டும் பள்ளிக் கணினியும்



பாடநூல் பாட்டுக்குச் சொற்கள் இருக்கின்றன, மெட்டு இல்லை. பள்ளிக்கொரு மெட்டில் பாடுகிறோம், அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் நடவுப்பாட்டு தெரிந்த மூதாட்டிகள் இருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு வெறும் சொற்களை வைத்துக்கொண்டு என்ன செய்வோம்?

அதனால்தான் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளைக் கையிலெடுத்தோம். ஐந்து கோட்டு முறை தெரியாதே என்று தயங்க வேண்டாம். ‘ச’வுக்கு சி, ‘ரி’க்கு டி, ‘க’வுக்கு இ என விசைப்பலகையில் தட்டினால் சுரம் தானே கோட்டில் அமரும், நம் சங்கராபரணம் அப்படியே வந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி மாறாது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. மெட்டு குரலுக்கு எட்டவில்லையா, மொத்தத்தையும் இரண்டு சுரம் இறக்கிக்கொள்ளலாம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிவரியாகக் கேட்டுப் பதிந்து, பாட்டியிடம் ஒலிக்கவிட்டார்கள். எல்லாம் சரி, இழுப்பைத்தான் காணோம் என்றார் அவர். உண்மைதானே! சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. இந்த மென்பொருளோ சுரத்தைத் தட்டையாகவே ஒலிக்கும்.

ஆகவே பகிரும்போது மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்: அச்செடுக்க பிடிஎஃப், பிற மென்பொருளிலும் திறக்க மியூசிக்எக்ஸ்எம்எல், பாட்டியின் குரல்பதிவு. சம்மதம் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் தலைப்புக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.