முதலில் மூடியைப் போடுவோம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘வீடும் பள்ளியே’ எனும் தலைப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்றதும் பெற்றோர் பலருக்கு அச்சம் வந்துவிடுகிறது. பிள்ளை பின்தங்கிவிடுமா, நண்பர்கள் இல்லாமல் தனித்துப் போகுமா, நாளை தேர்வு எழுத முடியாமல் தவிக்குமா என்று கவலைப்படுகிறார்கள். வேறு சிலரோ பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வாதிடுகிறார்கள். இந்த இரு தரப்பினரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு குடும்பம் நூறாண்டுகளுக்கு முன்பு பிரான்சு நாட்டில் வாழ்ந்தது. அதுதான் கியூரி குடும்பம்.

மேரி கியூரி என்றால் ரேடியமும் இரண்டு நோபல் பரிசுகளும் நம் நினைவுக்கு வரும். ஆனால், தம் மூத்த மகளை இரண்டாண்டு காலம் பள்ளிக்கு அனுப்பாமல் வேறொரு வழியில் படிக்க வைத்த தாய் அவர் என்பது பலரும் அறியாத செய்தி.

பள்ளி வாசலை மிதிக்காத சிறுவன்

இந்தக் கதை மேரியிடம் தொடங்கவில்லை. அவருடைய கணவர் பியேர் கியூரி 1859ஆம் ஆண்டு பிறந்தவர். அவரின் தந்தை ஒரு மருத்துவர். பியேர் நிதானமாகச் சிந்திக்கும் சிறுவன். ஒன்றை எடுத்தால் அதை முழுமையாக அறிந்துகொள்ளும் வரை இன்னொன்றுக்குத் தாவ மாட்டான். மணி அடித்ததும் அடுத்த பாடத்திற்கு மாற வேண்டிய வகுப்பறை இவனுக்கு ஒத்துவராது என்று பெற்றோர் உணர்ந்தார்கள். தாய், தந்தை, அண்ணன் ஆகிய மூவருமே அவனுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். காடு மேடுகளில் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பார்த்துப் பார்த்துக் கற்றான். பதினான்கு வயதில்தான் கணிதத்திற்குத் தனி ஆசிரியர் கிடைத்தார்.

பள்ளி வாசலையே மிதிக்காத அந்தப் பியேர் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1880இல் அண்ணனோடு சேர்ந்து கண்டுபிடித்தார். இன்று சமையலறையில் ‘டிக்’ என்று அழுத்திக் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கிறோமே, அந்த லைட்டர் வேலை செய்வதும் அதே தத்துவத்தில்தான்.

தாயின் தவிப்பு

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி பாரிஸ் வீதியில் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியேர் இறந்தார். அப்போது மேரிக்கு வயது 38. மூத்த மகள் ஐரீனுக்கு எட்டு வயது. இளையவள் ஈவுக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. கணவர் பார்த்த பேராசிரியர் வேலை மேரியின் தோள்மேல் ஏறியது. மாமனாரே வீட்டில் பேத்திகளைப் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் ஒரு தாய், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவே விரும்புவார். மேரியோ, வளரும் பிள்ளைகளை நாள் முழுவதும் காற்றோட்டமில்லாத வகுப்பறையில் அடைத்து வைப்பது கொடுமை என்று கருதினார். ஆனாலும், தனியொருத்தியாக அவரால் என்ன செய்ய முடியும்?

அவர் தம்மைப் போன்ற பெற்றோர்களைத் தேடினார். நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்கிறோமே, கிட்டத்தட்ட அதைப் போன்ற ஏற்பாடு அது. சக பேராசிரியர்களின் குடும்பங்கள் ஒன்றுகூடின. பத்துப் பிள்ளைகள் அளவில் சேர்ந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பாடம்தான். ழான் பெரின் வேதியியல், பால் லான்ஜெவின் கணிதம், மேரி கியூரி இயற்பியல் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொண்டார்கள். மற்றப் பெற்றோரும் நண்பர்களும் இலக்கியம், வரலாறு, மொழி, ஓவியம், களிமண் வேலை ஆகியவற்றைக் கற்பித்தார்கள். மீதி நேரம் விளையாட்டுக்கும் தோட்டத்துக்கும் உரியது.

கையால் செய், கண்ணால் பார்

வியாழக்கிழமை பிற்பகல் மேரியின் வகுப்பு. சைக்கிளில் இருக்கும் சின்னஞ்சிறு இரும்புக் குண்டுகளை மையில் நனைத்துச் சாய்வான தளத்தில் உருட்டி விடுவார்கள். குண்டு போன பாதை வளைகோடாகப் பதிந்துவிடும். விழும் பொருளின் விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யவில்லை; கண்ணாலேயே பார்த்தார்கள். காலியாகத் தெரியும் புட்டிக்குள் காற்று இருக்கிறது என்பதையும், வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் எப்படி வந்து சேருகிறது என்பதையும் அப்படித்தான் கற்றார்கள். அந்த வகுப்பில் இருந்த இசபெல் சவான் என்ற சிறுமி எழுதி வைத்த பாடக் குறிப்புகள் 2003ஆம் ஆண்டில் நூலாகவே வெளிவந்தன.

ஒருநாள் மேரி ஒரு கேள்வி கேட்டார். ‘பாத்திரத்தில் உள்ள சுடுநீர் ஆறாமல் இருக்க என்ன செய்யலாம்?’ கம்பளியால் சுற்றலாம் என்று தொடங்கி, ஆளுக்கொரு நுட்பமான வழியைப் பிள்ளைகள் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேரி புன்னகையோடு தம் பதிலைச் சொன்னார். அவராக இருந்தால் முதலில் பாத்திரத்தை மூடி வைப்பாராம்!

எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாத பொடிசுகளுக்குச் சோதனைக்கூடமா என்று அக்காலத்துப் பத்திரிகை ஒன்று கேலி செய்ததும் உண்டு.

ஏன் நின்றது?

இந்த முயற்சி இரண்டாண்டுகளே நீடித்தது. பெற்றோர்கள் தங்கள் வேலைப் பளுவுக்கு இடையே தொடர முடியவில்லை. பிள்ளைகளும் அரசாங்கத் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது. ஐரீன் பள்ளியில் சேர்ந்தார். இது தோல்வியல்ல. ஒரு வழி முடியும் இடத்தில் அடுத்த வழியை ஏற்றுக்கொண்ட விவேகம்.

பிறகு என்ன ஆனது? முதல் உலகப் போரில் பதின்ம வயதிலேயே தாயோடு சேர்ந்து, காயமுற்ற போர் வீரர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார் ஐரீன். 1935இல் கணவர் பிரடெரிக் ஜோலியோவுடன் நோபல் பரிசு பெற்றார். கூட்டு வகுப்பில் உடன் படித்த பிரான்சிஸ் பெரினும் இயற்பியல் அறிஞரானார். தங்கை ஈவுக்கு இசையிலும் எழுத்திலும் நாட்டம். அவரை யாரும் விஞ்ஞானத்தின் பக்கம் இழுக்கவில்லை. 1937இல் தாயின் வரலாற்றை எழுதி அவர் உலகப் புகழ் பெற்றார்.

பிள்ளை தனித்துப் போகுமா என்ற கேள்விக்கும் இங்கே பதில் உண்டு. அந்தக் குடும்பங்களின் நட்பு தலைமுறைகளைத் தாண்டியது. ஐரீனின் மகள் மணந்துகொண்டது, கணிதம் கற்பித்த லான்ஜெவினின் பேரனை!

நம் வீட்டில்...

‘அவர்கள் நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்கள், நாம் அப்படியா?’ என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேலும், மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் ஆரம்பக் கல்வி கட்டாயமாக உள்ளது. வீட்டில் கற்பிக்க விரும்பினால் முறையாக அனுமதி பெற வேண்டும். ஆகவே, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்பது இவ்வுரையின் நோக்கமன்று.

ஆனால், வியாழக்கிழமைப் பிற்பகல் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது. உப்பைக் கொட்டிக் கரைத்தால் மேலே வருகிறது. பிள்ளையே செய்து பார்க்கட்டும். மாதாந்திர மின்சாரக் கட்டணத்தை அவனே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். ஒரே தாமானில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணன் இருப்பார், தையல் தெரிந்த அக்கா இருப்பார், தாதி ஒருவர் இருப்பார். நான்கு குடும்பங்கள் பேசி வைத்துக்கொண்டு, வாரத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினால் அதுவும் ஒரு கூட்டு வகுப்புதான். இதற்குப் பட்டம் தேவையில்லை.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்து செய்யப்பட்டுவிட்டது. ஆயினும், பிள்ளை என்ன கற்றது என்று கேட்பதற்கு முன்பே எத்தனை புள்ளி என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலரை விடவில்லை. பிள்ளை முன்னேற விலையுயர்ந்த கணினியையும் புதுப்புது டியூஷன் வகுப்புகளையும் தேடி ஓடுகிறோம். கம்பளியைத் தேடும் அவசரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மூடியை மறந்துவிடுகிறோம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விக்குக் காது கொடுப்பதுதான் அந்த மூடி.

கணவரை இழந்து, வேலைச் சுமையில் நின்ற ஒரு தாயால் வாரம் ஒரு பிற்பகலை ஒதுக்க முடிந்தது. நம்மாலும் முடியும். முதலில் மூடியைப் போடுவோம்.